ஹாஸ்பிஸ் தேடறீங்களா? கட்டடத்தைப் பார்க்காதீங்க, ராத்திரி ரெண்டு மணியைப் பத்திக் கேளுங்க



இந்தப் பக்கத்துல நான் எழுதறதும் சேனல்ல பேசறதும் பெரும்பாலும் எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், வருமான வரி, வீட்டுக் கடன்னு ஒரே வட்டத்துக்குள்ளதான் இருக்கும். இன்னைக்கு விஷயம் கொஞ்சம் கனமானது. ஆனா இதுவும் பண விஷயம்தான். காசு கொடுத்து நான் வாங்கினதுலயே மோசமானது எதுன்னு யாராவது கேட்டா, முதல் சம்பளத்துல ஏமாந்து எடுத்த யூலிப் பாலிசியைச் சொல்ல மாட்டேன். 2023-ல எங்க அத்தாவுக்காக நான் வாங்கின பதினொரு நாள் ‘ஹாஸ்பிஸ்’ படுக்கையைத்தான் சொல்வேன்.

எங்க ஊர் லப்பைக்குடிக்காடு. பெரம்பலூர் மாவட்டம், வெள்ளாத்துக் கரை. ஆத்தைத் தாண்டினா திட்டக்குடி, அது கடலூர் மாவட்டம். வீட்டுக்கு ஒருத்தராவது வளைகுடாவுல இருக்கற ஊர். அத்தாவும் இருபத்திரண்டு வருஷம் சவுதில இருந்துட்டு வந்தவர். அண்ணன் துபாய்ல, நான் சென்னைல. ஊர்ல அம்மாவும் அத்தாவும் மட்டும். உங்கள்ல பாதிப் பேர் வீட்டு நிலைமை இதுவாத்தான் இருக்கும்.

அத்தாவுக்குக் கணையத்துல புற்றுநோய். கண்டுபிடிக்கும்போதே முத்திப் போச்சு. திருச்சில ஒரு தனியார் மருத்துவமனைல ஐசியூல எட்டு நாள். பில் 4,10,000 ரூபாய். என் கம்பெனி குரூப் பாலிசில 3,62,000 கிடைச்சுது. அதுக்கப்புறம் டாக்டர் சொன்னது ஒரே வரி: “இனிமே கீமோ தாங்க மாட்டாரு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க தம்பி.”

வீட்டுக்குன்னா எப்படி? வலிக்கு என்ன பண்றது? சாப்பாடு இறங்கலைன்னா? இதை யாரும் சொல்லல. அண்ணன் வாட்ஸ்அப் கால்ல, “பணத்தைப் பார்க்காதடா, நல்ல இடமாப் பார்த்துச் சேரு”ன்னு சொன்னாரு. நானும் பணத்தைப் பார்க்கல. கட்டடத்தைப் பார்த்தேன். புறவழிச்சாலைல புதுக் கட்டடம். பளபளன்னு டைல்ஸ், ஏசி ரூம், வரவேற்புல மீன் தொட்டி, கையில ஒரு வண்ணப் புத்தகம். ஒரு நாளைக்கு 4,500 ரூபாய். சேர்த்துட்டேன்.

மூணாவது ராத்திரி ரெண்டே கால் மணிக்கு அத்தாவுக்கு வலி வந்துச்சு. முதுகு வரைக்கும் பாயற வலி. அந்தத் தளம் முழுக்க ஒரே ஒரு நர்ஸ் தங்கச்சி, வயசு இருபது இருக்கும். பாராசிட்டமால் ஏத்தினாங்க. ஒண்ணும் கேட்கல. டாக்டருக்குப் போன் போட்டாங்க, எடுக்கல. மார்ஃபின் இருக்கான்னு கேட்டேன். “அதெல்லாம் இங்க வச்சிக்கறது இல்ல சார், ரொம்ப முடியலைன்னா ஆம்புலன்ஸ் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம்”னு சொன்னாங்க. காலைல ஒன்பது மணிக்கு டாக்டர் வர வரைக்கும் அத்தா என் கையைப் பிடிச்சிக்கிட்டே கிடந்தாரு. கீழ மீன் தொட்டில விளக்கு எரிஞ்சிக்கிட்டே இருந்துச்சு.

அந்தத் தங்கச்சி மேல எனக்குக் கோபம் இல்ல. கோபம் என் மேலதான். ஒரு மியூச்சுவல் ஃபண்டு வாங்கணும்னா பத்து வருஷக் கணக்கைப் பிரிச்சுப் பார்க்கற ஆளு நான். அத்தா கடைசியாப் படுக்கப் போற இடத்தை மீன் தொட்டியைப் பார்த்து முடிவு பண்ணியிருக்கேன்.

விலைக்கும் தரத்துக்கும் இங்க சம்பந்தம் இல்ல

நாம பழகின கடைகள்ல விலை கூடினா தரமும் ஓரளவு கூடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. ஹாஸ்பிஸ் விஷயத்துல அந்த நம்பிக்கையைக் கழட்டி வச்சிடுங்க. இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு.

ஹாஸ்பிஸ்னா என்ன? நோயைக் குணப்படுத்த முடியாத கட்டத்துல, வலி, மூச்சுத் திணறல், வாந்தி, புண், பயம் இதையெல்லாம் குறைச்சு, இருக்கற நாளை மனுஷனா வாழ வைக்கற பராமரிப்பு. இன்னைக்கு நாம பார்க்கற வடிவத்துல இதை ஆரம்பிச்சது லண்டன்ல சிசிலி சாண்டர்ஸ். 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ்னு ஒரு ஹாஸ்பிஸ் திறந்தாங்க. இந்தியாவுல முதல் ஹாஸ்பிஸ் 1986-ல் மும்பைல வந்த சாந்தி அவேத்னா சதன். சென்னைல ஜீவோதயா இருக்கு, பெங்களூர்ல கருணாஸ்ரயா இருக்கு. இந்த மூணு இடத்துலயும் பொதுவான ஒண்ணு, நோயாளிகிட்ட காசு வாங்கறதில்ல. இந்தத் துறைல பேர் எடுத்த இடங்கள் நிறைய நன்கொடைல நடக்கற இடங்கள்தான். நாளைக்கு 4,500 ரூபாய் கொடுத்த எனக்குக் கிடைக்காதது, இலவசமா நடக்கற இடங்கள்ல கிடைச்சிக்கிட்டு இருக்கு.

இன்னொரு பக்கம், ‘இலவசம்’, ‘கருணை’ன்னு போர்டு இருந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு நம்பக் கூடாது. 2018 பிப்ரவரில காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரம் ஞாபகம் இருக்கா? அங்க இருந்த ஒரு இல்லத்தோட வண்டில ஒரு சடலத்தோட உயிரோட ஒரு பாட்டியையும் ஏத்திக்கிட்டுப் போனதை மக்கள் பார்த்து நிறுத்தினாங்க. பெரிய சர்ச்சை ஆச்சு. அதிகாரிகள் சோதனை போட்டு, அங்க இருந்தவங்களை வேற இடங்களுக்கு மாத்தினாங்க. குற்றச்சாட்டுகளை இல்லத்துக்காரங்க மறுத்தாங்க. யார் சரி, யார் தப்புன்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. எனக்குத் தோணினது ஒண்ணுதான்: அங்க இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குத் தேடி வந்து பார்க்க ஆள் இல்ல. ஆள் வந்து பார்க்காத இடத்துல தரம் என்னன்னு வெளிய யாருக்குமே தெரியாது.

நாடு முழுக்கவே நிலைமை சுமார்தான். 2015-ல் எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் 80 நாடுகளை எடுத்து, கடைசிக் காலப் பராமரிப்பு எங்க எப்படின்னு வரிசைப்படுத்தினாங்க. முதல் இடம் பிரிட்டன். இந்தியா 67. அதனால ‘எல்லா இடமும் ஓரளவு ஒண்ணாத்தான் இருக்கும்’னு நினைக்காதீங்க. நல்ல இடம் ரொம்ப நல்லா இருக்கும், மத்தது பேருக்கு மட்டும் ஹாஸ்பிஸா இருக்கும். பிரிச்சுப் பார்க்க வேண்டியது நாமதான்.

போய்ப் பார்க்கும்போது கேட்க வேண்டிய எட்டு கேள்வி

இதை நான் முன்னாடி தெரிஞ்சிருந்தா அந்த மீன் தொட்டியைத் தாண்டியே போயிருக்க மாட்டேன்.

1. ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா என்ன பண்ணுவீங்க?
பொதுவான பதில் வேண்டாம். யார் முழிச்சிருப்பாங்க, எத்தனை படுக்கைக்கு ஒரு நர்ஸ், டாக்டர் போனை எடுக்கலைன்னா அடுத்து யார், டாக்டரைக் கேட்காமலே நர்ஸ் கொடுக்கக் கூடிய கூடுதல் டோஸ் எழுதி வச்சிருக்கா? நல்ல இடத்துல இந்தப் பதில் தயாரா இருக்கும், ஏன்னா அவங்களுக்கு அது தினசரி நடக்கற விஷயம். ‘ஆம்புலன்ஸ்’ங்கற வார்த்தைதான் முதல்ல வருதுன்னா, எழுந்து வந்துடுங்க.

2. வாய்வழி மார்ஃபின் ஸ்டாக் இருக்கா?
என்னைக் கேட்டா, ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும்னா இதைக் கேளுங்க. புற்றுநோய் வலிக்குப் படிப்படியா என்ன மருந்து கொடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 1986-லயே வழி சொல்லிடுச்சு. கடுமையான வலிக்கு அதுல மார்ஃபின்தான். மாத்திரை விலையும் அதிகம் இல்ல. 1985-ம் வருஷ போதைப்பொருள் சட்டத்தால பல மருத்துவமனைகள் இதை வாங்கி வைக்கவே பயந்தாங்க. 2014-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினாங்க. அங்கீகாரம் வாங்கின நிறுவனம் மார்ஃபினை வச்சிக்கலாம். கடைசிக் கட்டப் புற்றுநோயாளியை வச்சிக்கிட்டு ‘மார்ஃபின் இல்ல’ன்னு சொல்ற இடம், பேர் என்னவா இருந்தாலும் ஒரு லாட்ஜுதான்.
கூடவே இன்னொண்ணு கேளுங்க: “மார்ஃபின் கொடுத்தா மலச்சிக்கலுக்கு என்ன பண்ணுவீங்க?” வேலை தெரிஞ்சவங்க மார்ஃபின் எழுதும்போதே மலமிளக்கியும் சேர்த்து எழுதுவாங்க. இந்தச் சின்னக் கேள்வில அனுபவம் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். “அது போதைப் பழக்கம் ஆயிடும் சார்”னு பயமுறுத்தினா, அவங்களுக்கு இந்தத் துறைல பயிற்சி இல்லன்னு அர்த்தம்.

3. டாக்டர், நர்ஸ் பாலியேட்டிவ் பயிற்சி எடுத்திருக்காங்களா?
எம்பிபிஎஸ் மட்டும் போதாது. இதுக்குன்னு தனிப் பயிற்சி இருக்கு. திருவனந்தபுரத்துல இருந்து பாலியம் இந்தியா முன்னெடுத்த தரப் பட்டியல்ல ‘கட்டாயம் இருக்கணும்’ங்கற வரிசைல வர்றது இதுமாதிரி விஷயங்கள்தான்: தடையில்லாம மார்ஃபின், பயிற்சி எடுத்த டாக்டரும் நர்சும், நோயாளியை முழுசா விசாரிச்சு எழுதி வைக்கற பழக்கம், எல்லாரும் ஒரு குழுவா வேலை பார்க்கறது. ஏசியும் டைல்ஸும் கட்டாயம்னு யாரும் சொல்லல.

4. வலியை எழுதி வைக்கறீங்களா?
பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள வலி எவ்வளவுன்னு நோயாளிகிட்ட கேட்டு, பிபி, காய்ச்சல் மாதிரியே அதையும் சார்ட்டுல எழுதணும். மருந்து கொடுத்த பிறகு திரும்பக் கேட்டு எழுதணும். ஒரு வெறும் சார்ட்டைக் காட்டச் சொல்லுங்க. வலிக்குன்னு அதுல கட்டமே இல்லைன்னா, வலியை யாரும் கேட்கப் போறதில்ல.

5. படுக்கைப் புண்ணுக்கு என்ன பண்றீங்க?
தானாத் திரும்பிப் படுக்க முடியாதவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும்கறது பழைய பாடம். வார்டுக்குள்ள நடந்து பாருங்க. மூத்திர வாடை, புண் வாடை அடிக்குதா? நோயாளிகளோட உதடு காஞ்சு வெடிச்சிருக்கா? வாய் சுத்தமா இருக்கா? இதைக் கண்டுபிடிக்க டாக்டரா இருக்க வேண்டியதில்ல. உங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க, ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவாங்க.

6. நான் எப்ப வேணா வரலாமா?
சாயங்காலம் நாலுல இருந்து ஆறு வரைக்கும்தான்னு சொன்னா யோசிங்க. கடைசி நாள்ல இருக்கற ஆளுக்குப் பார்வை நேரம் எதுக்கு? சேர்க்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை சொல்லாம, ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு மேல போய் நில்லுங்க. தொழுகைக்குக் கட்டிலைக் கிப்லா பக்கம் திருப்புவாங்களா, சாமி படம் வச்சிக்கலாமா, பேரப்பிள்ளைங்க வரலாமா, இதெல்லாம் பெரியவங்களுக்குப் பெரிய விஷயம். கூச்சப்படாமக் கேளுங்க.

7. என்னென்ன செய்ய மாட்டீங்க?
மூச்சு திணறும்போது வென்டிலேட்டருக்கு அனுப்புவாங்களா, மாட்டாங்களா? யார் முடிவு பண்றது? இதை முன்கூட்டியே நோயாளிகிட்டயும் குடும்பத்துகிட்டயும் உட்கார்ந்து பேசற இடம்தான் நல்ல இடம். எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம்னு ஒருத்தர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம்னு உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சுல தீர்ப்பு சொல்லிடுச்சு. முதல்ல அதுல மாஜிஸ்திரேட் கையெழுத்து வேணும்னு இருந்துச்சு. 2023 ஜனவரில அதை மாத்தி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும்னு ஆக்கினாங்க. இதைப் பத்தி அந்த இடத்துல இருக்கறவங்களுக்குத் தெரியுமான்னு கேட்டுப் பாருங்க.

8. மொத்தச் செலவு எழுத்துல கொடுப்பீங்களா?
நாள் வாடகைல எதெல்லாம் சேர்த்தி? மருந்து, டயப்பர், கையுறை, ஆக்சிஜன், புண் கட்டறது தனியா? நாலாவது நாளே இறந்துட்டா அட்வான்ஸ் திரும்புமா? இந்தக் கேள்வியைக் கேட்க வாய் வராது, எனக்கும் வரல. ஆனா கேட்டே ஆகணும். அப்படியே பதிவுச் சான்றிதழையும் பாருங்க. தமிழ்நாட்டுல தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கு 1997-ம் வருஷச் சட்டப்படி பதிவு கட்டாயம். ‘முதியோர் இல்லம்’னு மட்டும் பதிவு பண்ணிட்டு ஹாஸ்பிஸ்னு போர்டு வச்சிருக்காங்களான்னு கவனிங்க.

இன்சூரன்ஸ் இதுக்குக் காசு தராது

இப்ப என் ஏரியாவுக்கு வரேன். அந்தப் பதினொரு நாளுக்கு எனக்கு ஆன செலவு:

படுக்கை: 49,500
மருந்து, கையுறை, ஆக்சிஜன்: 21,300
ஆம்புலன்ஸ்: 6,000
மொத்தம்: 76,800

பில்லை எல்லாம் சேர்த்து க்ளெய்ம் போட்டேன். மறுத்துட்டாங்க. கடிதத்துல ‘எக்ஸ்க்ளூஷன் 05’னு ஒரு வரி. பாலிசியை எடுத்துப் படிச்சேன். ஐஆர்டிஏஐ 2019-ல எல்லாக் கம்பெனிக்கும் பொதுவா ஒழுங்குபடுத்தின விலக்குப் பட்டியல்ல வர்றது அது. சாரம் இதுதான்: சிகிச்சைக்காக இல்லாம ஓய்வுக்காகச் சேர்றது, குளிப்பாட்டறது, உடை மாத்தறது மாதிரி பராமரிப்பு, இறக்கும் நிலைல இருக்கறவங்களோட உடல், மன, ஆன்மிகத் தேவைக்கான சேவை, இதுக்கெல்லாம் கிடையாது. உங்க பாலிசியைத் திறந்து ‘ரெஸ்ட் க்யூர்’னு தேடிப் பாருங்க. பெரும்பாலும் இருக்கும்.

இதோட விளைவு என்னன்னு யோசிச்சுப் பாருங்க. பலன் இல்லைன்னு தெரிஞ்சும் ஐசியூல எட்டு நாள் வச்சா இன்சூரன்ஸ் மூணரை லட்சத்துக்கு மேல கொடுக்குது. வலியில்லாம வீட்டுல படுக்க வைக்க ஒரு நர்ஸ் வச்சா ஒரு ரூபாய் தராது. அப்ப குடும்பம் எந்தப் பக்கம் சாயும்? கேஷ்லெஸ் இருக்கற பக்கம்தான். பாசத்தால ஐசியூல வச்சிருக்கோம்னு நினைக்கறோம். பாதி நேரம் பாலிசிதான் முடிவு பண்ணுது. இது மாறணும். மாறற வரைக்கும் நாம தனியாப் பணம் எடுத்து வைக்கணும்.

கடைசில கைகொடுத்தது எது?

பன்னிரண்டாவது நாள் அத்தாவை வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன். மாமா சொல்லி, கிராமத்துக்கு வர்ற சுகாதாரத் தன்னார்வலர் அக்காகிட்ட பேசினோம். 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சுகருக்கும் பிபிக்கும் வீட்டுக்கு மாத்திரை கொடுப்பாங்கன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். அதுலயே வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையும் இருக்கு. அதுக்குன்னு நர்ஸ் வீட்டுக்கு வருவாங்க.

வந்தாங்க. அத்தா பக்கத்துல கட்டில்ல உட்கார்ந்து, “ஐயா, வலி பத்துக்கு எத்தனை?”ன்னு கேட்டாங்க. அவ்வளவு நாள்ல அத்தாகிட்ட அதை நேரடியாக் கேட்ட முதல் ஆள் அவங்கதான். அத்தா “ஒன்பது”ன்னாரு. அவங்க வழிகாட்டி, அரசு மருத்துவமனை பாலியேட்டிவ் டாக்டரைப் பார்த்து மார்ஃபின் வாங்கினோம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எப்படிக் கொடுக்கணும், நடுவுல வலி வந்தா எவ்வளவு கூடுதல்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தாங்க. (அளவு ஆளுக்கு ஆள் மாறும், டாக்டர் சொல்லாமத் தொடாதீங்க.) புண்ணுக்குக் கட்டுப் போட அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. ரெண்டு நாள்ல அந்த ஒன்பது மூணாச்சு. அத்தா எழுந்து சாய்ஞ்சு உட்கார்ந்து, டீ கேட்டாரு.

குறையையும் சொல்லிடறேன். நர்ஸ் தினமும் வரல, ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு தடவைதான். ராத்திரி சந்தேகத்துக்குப் போன் மட்டும்தான். மார்ஃபின் வாங்க நாங்கதான் கார் வச்சு அலைஞ்சோம். வீட்டுல பார்த்துக்க ஆள் இல்லாத குடும்பத்துக்கு இது போதாது, அவங்களுக்கு ஹாஸ்பிஸ் படுக்கை கட்டாயம் வேணும். எங்க வீட்டுல அம்மா இருந்தாங்க, நான் லீவு போட்டேன், தெருவுல ஒரு அக்கா உதவிக்கு வந்தாங்க. இருபத்துமூணு நாள். கணக்கு இது:

உதவிக்கு வந்த அக்கா, நாளைக்கு 600: 13,800
கட்டில், காற்று மெத்தை வாடகை: 4,500
டயப்பர், கட்டுத் துணி: 5,200
வெளி மருந்து: 2,900
கார்: 4,600
மொத்தம்: 31,000

இருபத்துமூணாவது நாள் ஃபஜ்ருக்கு முன்னாடி அத்தா போயிட்டாரு. அம்மா யாஸீன் ஓதிக்கிட்டு இருந்தாங்க, அண்ணன் துபாய்ல இருந்து முந்தின நாள்தான் வந்து சேர்ந்திருந்தாரு. முகத்துல வலி இல்ல. செலவு குறைவுங்கறதால இதை நல்லதுன்னு சொல்லல. எட்டு கேள்வியையும் வச்சுப் பார்த்தா, இந்த இருபத்துமூணு நாள் அதுல பெரும்பாலானதுல பாஸ் ஆகுது. அந்தப் பளபளக் கட்டடம் முதல் கேள்விலயே ஃபெயில்.

கேரளாவுல இதை ஊரே சேர்ந்து பண்றாங்க. 1993-ல் கோழிக்கோட்டுல ஒரு சின்ன வலி நிவாரண கிளினிக்கா ஆரம்பிச்சது, அக்கம்பக்கத்து ஆட்களே பயிற்சி எடுத்து வீடு வீடாப் போற அளவுக்கு வளர்ந்துச்சு. 2008-ல் கேரள அரசு அதுக்குன்னு தனிக் கொள்கையே கொண்டு வந்துச்சு, பஞ்சாயத்துகளும் சேர்ந்துக்கிட்டாங்க. எங்க ஊர் மாதிரி வெளிநாட்டுக் காசு வர்ற ஊருக்கு இது ஒண்ணும் பெரிய பாரம் இல்ல. ஒரு நர்ஸ் சம்பளம், நாலு கட்டில், நாலு காற்று மெத்தை, ஒரு ஆக்சிஜன் மெஷின், ஒரு வண்டி. ஜனாஸான்னா தெருவே வந்து நிக்கற ஊர் எங்க ஊரு. அதுக்கு முந்தின முப்பது நாளைக்கும் வந்து நின்னா எவ்வளவு நல்லா இருக்கும்!

இந்த ஞாயித்துக்கிழமை பண்ண வேண்டியது

அம்மா அப்பா நல்லா இருக்கும்போதே பண்ணிடுங்க. படுத்த பிறகு யோசிக்க நேரமும் இருக்காது, தெளிவும் இருக்காது.

ஒண்ணு, எமர்ஜென்சி ஃபண்டுக்குள்ளயே ‘பெற்றோர் பராமரிப்பு’னு ஒரு தனிப் பெட்டி. என் கணக்குக்கு, மூணு மாசம் வீட்டோட உதவி ஆள் வச்சா என்ன ஆகுமோ அந்தத் தொகை, கூடவே 50,000. எஃப்டியோ லிக்விட் ஃபண்டோ, சட்டுனு எடுக்கற மாதிரி இருக்கட்டும். ஷேர்ல வேண்டாம்.

ரெண்டு, அப்பாவோட பேங்க் கணக்குல அம்மாவையோ உங்களையோ ‘ஐதர் ஆர் சர்வைவர்’னு சேர்த்துடுங்க. அத்தா நினைவு தப்பிக் கிடந்த நாள்ல அவர் காசு அவருக்கே உதவல. நாமினி இருந்தா போதும்னு நினைக்காதீங்க, அது இறந்த பிறகுதான்.

மூணு, உங்க டேர்ம் பாலிசில ‘டெர்மினல் இல்னெஸ்’ வரி இருக்கான்னு பாருங்க. பல பாலிசில, இன்னும் சில மாசம்தான்னு டாக்டர்கள் உறுதிப்படுத்தினா, உயிரோட இருக்கும்போதே தொகை கிடைக்கும். எத்தனை மாசம்ங்கறது பாலிசிக்குப் பாலிசி மாறும்.

நாலு, வீட்டுல மரணம் நடந்தா இறப்புக்கான காரணத்தை எந்த டாக்டர் எழுதிக் கொடுப்பாருன்னு முன்னாடியே பேசி வச்சுக்குங்க. 21 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். எல்ஐசி, பேங்க், பிஎஃப், எல்லாத்துக்கும் அந்தச் சான்றிதழ்தான் சாவி.

அஞ்சு, ஊருக்குப் போகும்போது ஆரம்ப சுகாதார நிலையத்துல பாலியேட்டிவ் நர்ஸ் யாரு, மார்ஃபின் பக்கத்துல எந்த அரசு மருத்துவமனைல கிடைக்கும்னு ரெண்டு கேள்வி கேட்டுப் போன்ல குறிச்சு வச்சிடுங்க. பத்து நிமிஷ வேலை. எனக்கு அந்தப் பத்து நிமிஷம் முன்னாடியே தோணியிருந்தா, அத்தாவுக்குப் பதினொரு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

அண்ணன் அன்னைக்குச் சொன்னது சரிதான், பணத்தைப் பார்க்க வேண்டாம்தான். ஆனா பணத்தைப் பார்க்காம இருக்கறதும் கேள்வி கேட்காம இருக்கறதும் ஒண்ணு இல்ல. அதை நான் பதினொரு நாள் லேட்டாக் கத்துக்கிட்டேன். நீங்க இன்னைக்கே கத்துக்குங்க.

அந்த எட்டு கேள்வியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டு வைங்க. அடுத்த பதிவுல வழக்கம்போல வரிக் கணக்கோட சந்திப்போம்.